கந்தப்பர் பெரட்டுக்கு வந்த கதை

பொகவந்தலாவை
11-02-1979

அன்புள்ள ஜோசப்பினுக்கு,

இத்தனை நாளாக எழுதவில்லை என்று திட்டாதே. திட்டுவதென்றால் இதோடு வைத்திருக்கும் தாள்களைப் படித்து முடித்துவிட்டு மொத்தமாகத் திட்டு.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. வழக்கம்போல எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீட்டு ஆட்கள் எல்லாரும் வீரய்யா கங்காணி வீட்டில் ரேடியோவைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். ‘கந்தப்பர் வீடு’ நாடகம் தொடங்கும் பாட்டு வந்ததும் பெட்டி கரகரவென்று இருமிவிட்டு நின்றுபோனது. பற்றரி தீர்ந்துவிட்டது. கடையோ பூட்டியிருந்தது. பிள்ளைகள் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். பிள்ளைகள் என்ன, அறுபது வயது வீரய்யாவே அழுகிற மாதிரி இருந்தார்.

அப்போது என் வாய் தானாகத் திறந்தது. “இந்தக் கெழம என்னா நடந்துச்சு தெரியுமா? கந்தப்பர் நம்ம தோட்டத்துக்கு வந்தாரு” என்றேன்.

எங்கிருந்து வந்ததோ தெரியாது. ஹட்டன் ஹொஸ்டலில் நீயும் நானும் போர்வைக்குள் கந்தப்பர் மாதிரிப் பேசிப் பேசிச் சிஸ்டரிடம் அகப்பட்டோமே, அந்தப் பழக்கம்தான் இத்தனை வருடம் உள்ளே கிடந்திருக்கிறது. கொழும்பில் பென்ஷன் எடுத்த பெரிய கிளாக்கர், சீனியைக் கரண்டியால் அளந்து போடுகிற கஞ்சர், அவர் நம்முடைய குளிரிலும் அட்டைக்கடியிலும் மாட்டிக்கொண்டால் எப்படி இருக்கும்? எதைச் சொன்னாலும் தப்பாகவே விளங்கிக்கொள்கிற அவருடைய வேலைக்காரன் மாடசாமி தான் பிறந்த தோட்டத்தில் நிமிர்ந்து நடந்தால் எப்படி இருக்கும்? நான் சொல்லச் சொல்ல எல்லாரும் சிரித்தார்கள். ஜோசப்பின், நான் பேசி இத்தனை பேர் சிரித்து நான் கேட்டதே இல்லை. உடம்பெல்லாம் ஒரு மாதிரி ஆகிவிட்டது.

ஆனால் பாதிக்கு மேல் சிரிப்பு வற்றிவிட்டது. கந்தப்பர் நாலாவது தடவை தண்ணீர் ஓடுகிற கானுக்குள் விழுந்தபோது வீரய்யா காதைக் குடைந்துகொண்டிருந்தார். ஏன்? சொன்னதை அப்படியே எழுதி அனுப்பியிருக்கிறேன். எங்கே கெட்டது என்று பார்த்துச் சொல். இன்னொன்று, ரேடியோக்காரர்களின் நாடக ஆட்களை நான் இப்படி எடுத்து ஆட்டலாமா?

என் வீட்டுக்காரர் செல்லசாமி உன்னை விசாரித்தார். அத்தையும் நலம்.

உன்
பூரணி


வட்டவளை
20-02-1979

அன்புள்ள பூரணி,

சிவப்புப் பேனாவை எடுக்கக் கூடாதென்று அதை மேசை லாச்சிக்குள் போட்டுப் பூட்டிவிட்டுத்தான் படிக்க உட்கார்ந்தேன். இரண்டாம் பக்கத்தில் லாச்சியைத் திறந்துவிட்டேன். கோபிக்காதே.

முதலில் ஒன்றைச் சொல்கிறேன். கந்தப்பர் காலில் அட்டை ஊதிப்போய்த் தொங்குகிறது. மாடசாமி உப்போடு ஓடிவருகிறான். கந்தப்பர் கையைக் காட்டி நிறுத்தி, “பொறு, பொறு. எவ்வளவு குடிச்சது எண்டு ஆராவது அளந்தனீங்களோ?” என்கிறாரே, இதை நான் வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்வதெழுதுதல் கொடுத்துவிட்டு ஒளித்துப் படித்தேன். வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். ஒரு பையன் அந்தச் சிரிப்பையும் கொப்பியில் எழுதிவிட்டான்.

அந்த ஒரு பேச்சை உலகத்தில் வேறு யாரும் பேச முடியாது. சீனியைக் கரண்டியால் அளக்கிற மனிதர்தான் பேச முடியும். ஆனால் கானுக்குள் யாரும் விழலாம். நான் விழலாம், எங்கள் ஃபாதர் விழலாம். விழுந்த நிமிடமே அவர் கந்தப்பர் இல்லை, விழுந்த ஓர் ஆள், அவ்வளவுதான். நீ அவரை நாலு தடவை தள்ளிவிட்டிருக்கிறாய். முதல் தடவை நான் சிரித்தேன். பிறகு உனக்கு அவர்மேல் கோபம் என்று தெரிந்தது. கோபம் தெரிந்தால் சிரிப்பு போய்விடுகிறது.

அடுத்தது, “எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்” என்று ஆறு இடத்தில் எழுதியிருக்கிறாய். கதைக்குள் இருக்கிறவர்களே சிரித்து முடித்துவிட்டால் கேட்கிறவர்களுக்கு என்ன மிச்சம்?

கடைசியாக மாடசாமி. ரேடியோவில் அவன் வாயைத் திறந்தாலே நாம் சிரிப்போம். உன் கதையில் அவன் எல்லாரையும் பார்த்துப் புன்னகை செய்துகொண்டு நிற்கிறான். வேதக்கோயில் சுரூபம் மாதிரி. அவனையும் கொஞ்சம் தடுமாற விடு. அவன் தடுமாறாவிட்டால் அவன் மாடசாமியே இல்லை.

எடுத்து ஆட்டலாமா என்று கேட்டாய். ஒவ்வொரு ஞாயிறும் அவர்கள் கேட்காமலே நம் வீட்டுக்கு வருகிறார்கள். ஒரு தடவை நாம் அவர்கள் வீட்டுக்குப் போனால் என்ன?

பெட்டி நின்றுபோன இடத்தில் நீ வாயைத் திறந்தாயே, அதை நினைத்தால் எனக்கு இன்னும் ஆச்சரியம். நானாக இருந்தால் செபத்தைச் சொல்லிவிட்டுப் படுத்திருப்பேன்.

அன்புடன்,
ஜோசப்பின்


பொகவந்தலாவை
02-03-1979

ஜோசப்பின்,

கான் விஷயத்தில் நீ சொன்னது சரி. அந்த ஆறு இடத்தையும் வெட்டிவிட்டேன். ஆனால் மாடசாமி விஷயத்தில் உன் சிவப்புப் பேனாவைத் திரும்ப லாச்சியில் வை.

உனக்கு அவன் ரேடியோவில் கேட்கிற ஒரு குரல். எனக்கு அவன் ஒரே வீட்டில் சாப்பிடுகிற ஆள். என் மாமியார் மீனம்மாவின் தம்பி மூக்கன் மாமாவை நீ கல்யாணத்தில் பார்த்திருக்க மாட்டாய். அவர் கூட்டத்தில் நிற்கிறவர் அல்ல. சின்ன வயதில் கொழும்பில் ஒரு வீட்டு வேலைக்கு அனுப்பப்பட்டு, பல வருடம் கழித்துத் திரும்பி வந்தவர். ஏதாவது சொன்னால் அவருக்கும் சட்டென்று விளங்காது. அதனால் இந்த நாடகம் தொடங்கிய நாளிலிருந்து லயத்தில் அவருக்குப் பேரே மாடசாமிதான். மூக்கன் என்று அவருடைய அக்கா ஒருத்திதான் கூப்பிடுகிறார். ஞாயிற்றுக்கிழமை நாங்கள் உள்ளே சிரிக்கும்போது அவர் வெளியே விறகு பிளந்துகொண்டிருப்பார்.

அவரைத் தடுமாற வைக்கச் சொல்கிறாய். மாஸ்டர்மாருக்குக் கட்டிக்கொடுத்த வீட்டில் இருந்துகொண்டு சொல்வது சுலபம்.

இன்னொரு செய்தி. அத்தைக்கும் மூக்கன் மாமாவுக்கும் இந்தியாவுக்குப் போகப் பாஸ்போர்ட் வந்துவிட்டது. வீரய்யா குடும்பத்துக்கும் வந்துவிட்டது. இரண்டு நாட்டு ஒப்பந்தப்படி லயத்தில் பாதி போகிறது. செல்லசாமிக்கும் எனக்கும் இங்கேதான் பிரஜையாகப் பதிவு. ஒரே அடுப்பில் சாப்பிடுகிறவர்களில் இரண்டு பேர் அந்த நாடு, இரண்டு பேர் இந்த நாடு. சித்திரை முடிவதற்குள் கப்பலுக்குக் கொண்டுபோகிற கோச்சி ஏற வேண்டும்.

போகிறதற்கு முன்னால் இன்னொரு தடவை கந்தப்பரைக் கூட்டிவரச் சொல்லி எல்லாரும் கேட்கிறார்கள். இந்தத் தடவை நாடகமாகவே போடச் சொல்கிறார்கள். வீரய்யாதான் கந்தப்பராம். நான் என்னத்தை எழுதுவது? மாடசாமியை விட்டுவிட்டு எழுதினால் கந்தப்பர் இல்லை. வைத்து எழுதினால் மூக்கன் மாமாவை மேடையேற்றி வழியனுப்புகிற மாதிரி.

பூரணி


வட்டவளை
13-03-1979

அன்புள்ள பூரணி,

உன் கடிதம் வந்ததிலிருந்து நான்கு தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். முதலில் கோபமாக எழுதினேன். மாஸ்டர்மார் வீட்டில் மழைக்கு எத்தனை சட்டி வைக்கிறோம் என்று உனக்குத் தெரியாது என்றெல்லாம் எழுதினேன். பிறகு அத்தை போகிற செய்தியைத் திரும்பப் படித்தேன்.

எங்கள் பள்ளிக்கூடத்தில் ஒவ்வொரு மாதமும் இரண்டு மூன்று பிள்ளைகள் குறைகிறார்கள். வட்டவளை ஸ்டேஷனுக்குப் பக்கத்தில்தான் வகுப்பு. அந்தக் கோச்சி போகிற நாட்களில் பாடம் நடத்த முடியாது. பெட்டி பெட்டியாக அழுகைச் சத்தம் போகும். நான் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டு எதையாவது எழுதுவேன்.

மாடசாமிக்கு எனக்குத் தோன்றிய ஒரு வழி. அவன் வேண்டுமென்றே தப்பாகக் கேட்கிறான் என்று வை. எல்லாம் விளங்கிக்கொண்டே விளங்காதவன்போல நடித்து இத்தனை வருடமாகக் கந்தப்பரை ஏமாற்றியிருக்கிறான். அப்படியானால் அவன் முட்டாள் இல்லையே? ஒரு காட்சி எழுதி இதோடு வைத்திருக்கிறேன். நன்றாக இல்லாவிட்டால் அடுப்பில் போடு. உன் வீட்டு மனிதரை உன்னைவிட நான் அறிந்தவள் இல்லை.

ஜோசப்பின்


பொகவந்தலாவை
24-03-1979

அன்புள்ள ஜோசப்பினுக்கு,

உன் காட்சியைச் செல்லசாமிக்குப் படித்துக் காட்டினேன். கடைசிவரை கேட்டுவிட்டு, “அப்ப இவன் கள்ளனா?” என்றார். அதோடு முடிந்தது. எல்லாம் தெரிந்தவன் ஜெயிப்பதில் என்ன இருக்கிறது? அடுப்பில் போடவில்லை, பெட்டியில் வைத்திருக்கிறேன்.

நான் எழுத வந்தது வேறு. இதை நேரில் சொல்ல முடியவில்லையே என்று இருக்கிறது.

போன ஞாயிறு புதுப் பற்றரி போட்டு ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. நான் உள்ளே போகாமல் மூக்கன் மாமா விறகு பிளக்கிற இடத்துக்குப் போனேன். “ஏன் மாமா நீங்க உள்ள வர்றதில்ல?” என்று கேட்டேன். அவர் தலையைத் திருப்பி வலது காதைக் காட்டினார். திரும்பக் கேட்டேன்.

“அந்தப் பொட்டியில என்னா சொல்றாங்கன்னு எனக்கு வெளங்காது புள்ள. எடது பக்கத்துக் காது செத்துப்போச்சு. ஆளுங்க சிரிக்கிறது மட்டும் கேக்கும். அப்பறம் வெளிய வந்து என்னயப் பாத்து ‘மாடசாமி’ம்பாங்க. அம்புட்டுதான் எனக்குத் தெரிஞ்ச நாடகம்.”

“காதுக்கு என்னா ஆச்சு மாமா?”

கோடாலியைக் கீழே வைத்தார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

“கொழும்புக்குப் போன புதுசு. அந்த ஐயா, ‘டேய், கதிரையைக் கொண்டா’ன்னாரு. நமக்கு நாக்காலிதானே தெரியும்? கதிரையின்னா யாருன்னு யோசிச்சேன். அடுத்த வூட்டுல கதிரேசன்னு ஒரு சமையக்காரரு இருந்தாரு. சரி, அவரத்தான் செல்லமாக் கூப்புடுறாரு போலன்னு ஓடிப்போயி, கையப் புடிச்சு இழுத்தாந்துட்டேன். அவரு பாவம், கையில அகப்பையோட வந்து நடு வூட்டுல நிக்கிறாரு. ஐயாவோட விருந்தாளி ஒக்காரப் போற மாரி பாதி குனிஞ்சு நிக்கிறாரு. ‘ஐயா, கொண்டாந்துட்டேன்’னேன்.”

ஜோசப்பின், நான் சிரித்துவிட்டேன். வாயைப் பொத்தியும் நிற்கவில்லை. நான் சிரிப்பதைப் பார்த்து அவரும் சிரித்தார். இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவர் பல்லை நான் பார்த்ததில்லை.

பிறகு சொன்னார், “அன்னைக்கு வாங்குன அறையிலதான் இந்தக் காது போச்சு. அதுக்கு அப்பறம் நெசமாவே எல்லாத்தயும் தப்பாத்தான் கேட்டேன்.” சொல்லிவிட்டு இன்னும் பலமாகச் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். என்னால் முடியவில்லை. கதிரேசனுக்குச் சிரித்தவளுக்கு இதற்கு எப்படிச் சிரிப்பதென்று தெரியவில்லை. அவருக்குத் தெரிந்திருக்கிறது. எத்தனை வருடமாக இதை உள்ளே வைத்துக்கொண்டு விறகு பிளந்திருக்கிறார்!

ஏப்ரல் பதினைந்தாம் தேதி போடுவதற்காக நான் எழுதுகிற நாடகத்தைப் பற்றிச் சொன்னேன். பிளந்த விறகை அடுக்கத் தொடங்கினார். அடுத்த நாள் நான் வேலை செய்கிற பிள்ளைக்காம்பராவுக்கு வந்து, தொட்டில்களுக்கு நடுவில் நின்று, “அந்த மாடசாமிய நானே பண்ணட்டுமா?” என்றார்.

இதைக் கேட்டதும் அத்தை என்னிடம் வந்தார். “போற நேரத்துலயும் எந்தம்பிய வச்சு ஊரு சிரிக்கணுமா? அப்புடி ஒண்ணு நடந்துச்சு, அதோட ஒங்கையால நான் தண்ணி வாங்கிக் குடிக்கமாட்டேன், பூரணி. இந்தியாவுல இருந்து ஒரு கடுதாசிகூட வராது.” கத்தவில்லை. மெதுவாகத்தான் சொன்னார்.

இந்தத் தடவை கந்தப்பருக்குத்தான் விளங்கக் கூடாது என்று நினைத்திருக்கிறேன். மாடசாமிக்குக் கதிரை விளங்காத மாதிரி, நம் பேச்சில் ஏதோ ஒன்று அவருக்கு விளங்காமல் போக வேண்டும். எந்தச் சொல் என்றுதான் அகப்படவில்லை. உனக்கு ஏதாவது தோன்றுகிறதா?

பூரணி


வட்டவளை
02-04-1979

பூரணி,

அந்தக் கதிரேசன் கையில் அகப்பையோடு இரண்டு நாளாக என் கூடவே வருகிறார். கோயிலில் முழந்தாளில் நிற்கும்போதும் வந்தார். அந்த விருந்தாளி பாதி குனிந்து நின்றதை நான் கற்பனை பண்ணி எழுதவே முடியாது. உன் மாமாவுக்கு என் வணக்கத்தைச் சொல். உண்மையான வணக்கம்.

சொல் அகப்பட்டுவிட்டது! என்னுடையதில்லை. எங்கள் பள்ளிக்கூடத்துக்கு யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்திருக்கிற சூசைரட்ணம் மாஸ்டர் ஞாயிறு பூசை முடிந்து வரும்போது, “இண்டைக்கு மத்தியானம் வீட்டில ஆட்டிறைச்சிப் பிரட்டல்” என்றார். நான் நடுத்தெருவில் நின்றுவிட்டேன்.

பிரட்டல், பூரணி! நாளைக் காலையில் பெரட்டு என்று மாடசாமி சொல்கிறான். நமக்கு அது விடியக்காலையில் கொட்டுகிற பனியில் வரிசையில் நின்று, பேர் கூப்பிட, வேலைக்குப் பிரிந்து போகிற இடம். கந்தப்பருக்கு அது இறைச்சி. அதுவும் காசில்லாத இறைச்சி! தோட்டத்தில் எல்லாருக்கும் தினமும் காலையில் பெரட்டு உண்டா என்று கேட்பார். உண்டு என்பான். மழையென்றாலும் உண்டா? உண்டு. பிந்திப் போனால்? கிடைக்காது, திருப்பி அனுப்பிவிடுவார்கள். எல்லாம் உண்மையான பதில். ஒருவரும் பொய் சொல்லவில்லை, ஒருவரும் ஏமாற்றவில்லை. கந்தப்பர் இரவுச் சாப்பாட்டை வேண்டாம் என்பார், வயிற்றில் இடம் வேண்டுமே. விடிந்ததும் தட்டோடு வந்து வரிசையில் முதலாவது ஆளாக நிற்பார். பெண்சாதிக்குக் கொண்டுபோக ஒரு தூக்குச் சட்டியும்.

அவர் எதற்கு வந்தார் என்று ஒருவரும் வாயால் சொல்லக் கூடாது. தட்டு தெரிந்தால் போதும். வீரய்யா அவசரப்பட்டு விளக்கிவிடாமல் பார்த்துக்கொள். சூசைரட்ணம் மாஸ்டர் கந்தப்பருடைய பேச்சைத் திருத்தித் தந்திருக்கிறார். தன் பெரியப்பாவை அப்படியே வைத்திருக்கிறீர்கள் என்று சிரிக்கிறார்.

ஆனால் அதற்கு மேல் எனக்குத் தெரியவில்லை. கணக்கப்பிள்ளை பேர் கூப்பிடுகிறார். கந்தப்பர் தட்டோடு நிற்கிறார். எல்லாரும் பார்க்கிறார்கள். அப்போது மாடசாமி வருகிறான். அவன் என்ன செய்ய வேண்டும்? சிரித்தால், அவனைப் பார்த்து இவ்வளவு நாளும் சிரித்தவர்களில் ஒருவனாகிவிடுவான். விளக்கிச் சொன்னால் பாடமாகிவிடும். நேற்று முழுக்க யோசித்தும் ஒன்றும் வரவில்லை. நீதான் முடிக்க வேண்டும்.

நாடகம் பதினைந்தாம் தேதி என்கிறாய். அன்றைக்கு ஈஸ்டர். பாடகர் குழுவை விட்டு வர வழியில்லை. வயிறு எரிகிறது.

ஜோசப்பின்


பொகவந்தலாவை
16-04-1979

அன்புள்ள ஜோசப்பினுக்கு,

நேற்று நடந்ததை நான் எப்படி எழுதுவேன் என்று தெரியவில்லை. நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

கோயிலுக்கு முன்னால் மத்தியானத்துக்குப் பிறகு தொடங்கினோம். மேமலை, கீழ்மலை இரண்டு பக்கத்து ஆட்களும் வந்துவிட்டார்கள். அத்தை முதல் வரிசையில், மேடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தார். வராமல் இருந்திருந்தால்கூடப் பரவாயில்லை என்று எனக்குத் தோன்றியது. மூக்கன் மாமா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வந்ததும் பின்னாலிருந்து யாரோ “மாடசாமி!” என்று கத்தினார்கள். எல்லாரும் சிரித்தார்கள். அத்தையின் முதுகு விறைத்துப்போனதை நான் பார்த்தேன்.

கதிரேசனைக் கொண்டுவந்த காட்சியை முதலில் வைத்திருந்தேன். மாமா அதைச் செய்தபோது சிரிப்பு வந்தது. ஆனால் அது பழைய சிரிப்பு. பிறகு கந்தப்பர் தோட்டத்துக்கு வந்தார். மாடசாமி பெரட்டு என்று சொல்ல, வீரய்யா நாக்கால் உதட்டைத் தடவினார். அதுமட்டும்தான் செய்தார். அங்கே ஒரு கிழவி சிரிக்கத் தொடங்கினாள், நிற்கவே இல்லை. மழையென்றாலும் உண்டா என்று கேட்டபோது ஆட்கள் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்துவிட்டார்கள். வீரய்யா தட்டும் தூக்குச் சட்டியுமாக வந்து வரிசையில் நின்றபோது, நான் திரைக்குப் பின்னால் காதைப் பொத்திக்கொண்டேன், ஜோசப்பின். அவ்வளவு சத்தம். நாங்கள் தினமும் நடுங்கிக்கொண்டு நிற்கிற அந்த இடம். பேரை வெட்டிவிடுவானோ, அரைப் பேர் போட்டுக் கூலியைப் பாதியாக்குவானோ என்று பயந்து நிற்கிற இடம். அங்கே ஒரு மனிதர் இறைச்சிக்காகத் தட்டை நீட்டிக்கொண்டு நிற்கிறார்.

நான் எழுதிய முடிவு என்னவென்றால், மாடசாமி வந்து கந்தப்பரின் கையைப் பிடித்து மெதுவாக வெளியே கூட்டிப்போவது. எனக்கும் அது பிடிக்கவில்லை, வேறு வழி தெரியாமல் எழுதியது.

மாமா வந்தார். கந்தப்பரைப் பார்த்தார். தட்டைப் பார்த்தார். சிரிக்கிற ஆட்களைப் பார்த்தார். பிறகு திரும்பி உள்ளே போய்விட்டார். எனக்கு உயிரே போனது. வீரய்யா என்ன செய்வதென்று தெரியாமல் தட்டோடு தனியே நிற்கிறார். சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கேலிச் சிரிப்பாகிக்கொண்டு வந்தது. கந்தப்பராக நிற்கிற வீரய்யாவுக்கு முகம் சிவந்துவிட்டது.

மாமா திரும்பி வந்தார். கையில் இன்னொரு தட்டு. எங்கள் வீட்டுத் தட்டுதான், எங்கிருந்து எடுத்தாரோ. கந்தப்பருக்குப் பக்கத்தில் போய், அவரை மாதிரியே தட்டை நீட்டிக்கொண்டு நின்றார். நேராகப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

“ஐயா, நானும் அப்புடித்தான் நெனச்சேன்.”

பிறகு வந்தது பார், அதைச் சிரிப்பு என்று சொல்லலாமா என்றுகூட எனக்குத் தெரியாது. மலை இடிந்த மாதிரி வந்தது. ஆட்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரிக்கிறார்கள். சில பேர் சிரிப்பதை விட்டுவிட்டு அழுகிறார்கள், பிறகு திரும்பச் சிரிக்கிறார்கள். வீரய்யா நாடகத்தை மறந்து, மாமாவின் தோளில் தலையை வைத்துவிட்டார்.

ஒன்றுமே விளங்காமல் கொழும்பில் ஒரு வீட்டு நடுவில் நின்ற பையனுக்குப் பக்கத்தில் அன்றைக்கு ஒருவரும் வந்து நிற்கவில்லை. நேற்று அவர் வந்து நின்றார். அதுவும் கந்தப்பருக்குப் பக்கத்தில். நான் எழுதவில்லை. நீ எழுதவில்லை. எழுதத் தெரிந்திருந்தாலும் நமக்கு வந்திருக்காது.

அத்தை எந்த நேரம் திரும்பி உட்கார்ந்தார் என்று நான் கவனிக்கவில்லை. முடிந்தபிறகு என்னிடம் வந்தார். “எந்தம்பி சிரிச்சா எங்கப்பா மாரியே இருக்கான்னு இன்னைக்கித்தான் பாத்தேன்” என்றார். என் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார்.

இன்றைக்குக் காலையில் உண்மையான பெரட்டு. கணக்கப்பிள்ளை பேர் கூப்பிடப் புத்தகத்தைத் திறந்ததும் எங்கோ ஒரு பெண்ணுக்குச் சிரிப்பு வெடித்தது. பிறகு வரிசை முழுக்க. அவர் பாவம், சட்டைப் பொத்தானெல்லாம் சரியாக இருக்கிறதா என்று தடவித் தடவிப் பார்த்தார்.

இன்றைக்கு மூக்கன் மாமாவை யாரும் மாடசாமி என்று கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தாலும் அவருக்கு வருத்தம் இருந்திருக்காது என்று நினைக்கிறேன்.

அடுத்த வியாழக்கிழமை, இருபத்தாறாம் தேதி, ஹட்டனிலிருந்து பகல் கோச்சி. உன்னால் முடிந்தால் ஸ்டேஷனில் நின்று பார். நான் ஹட்டனோடு நின்றுவிடுவேன்.

பூரணி


வட்டவளை
26-04-1979

அன்புள்ள பூரணி,

நீ இப்போது ஹட்டனிலிருந்து திரும்பி, பாதி காலியான வீட்டில் அடுப்பு மூட்டிக்கொண்டிருப்பாய். அதனால்தான் நாளை வரை வைக்காமல் இன்றே எழுதுகிறேன்.

நான் போனேன். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போனேன். அவர்களில் ஒருவனுடைய சிநேகிதன் அந்தக் கோச்சியில் வருகிறான். மேலிருந்து கோச்சி ஊதுகிற சத்தம் கேட்டது. இத்தனை நாளும் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டு தப்பித்த சத்தத்தை இன்றைக்கு முகத்துக்கு நேராகக் கேட்கப்போகிறேன் என்று நினைத்தேன்.

முதல் பெட்டி வந்தது. அழுகைதான். இரண்டாவதும் அப்படித்தான். ஜன்னலுக்கு வெளியே கைகள், ஸ்டேஷன் மேடையில் ஓடுகிற ஆட்கள். எங்கள் பையன் தன் சிநேகிதனின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

மூன்றாவது பெட்டி எனக்கு முன்னால் வந்து நின்றது. உள்ளே சத்தமில்லை. எல்லாரும் ஒரே பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார்கள். மூட்டைகளுக்கு மேல் பிள்ளைகள். நடுவில் ஒருவர் எழுந்து நின்று பேசிக்கொண்டிருந்தார். நான் அவரை முன்பு பார்த்ததில்லை. ஆனால் பேச்சுக்கு நடுவில் யாரோ ஏதோ கேட்டபோது, தலையைத் திருப்பி வலது காதைக் காட்டினார். உன் மூக்கன் மாமாதான். ஜன்னலோரத்தில் ஒரு அம்மா மடியில் பொட்டலத்தோடு அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். மீனம்மா அத்தையாகத்தான் இருக்க வேண்டும். நான் யாரென்று சொல்லிக் கூப்பிடலாமா என்று வாயெடுத்தேன். பிறகு அவர் சொல்வது காதில் விழுந்தது.

பூரணி, அவர் சொல்கிற கதையில் கந்தப்பரும் அந்தக் கோச்சியில் போகிறார். சீட்டு வாங்கியதால் பாதியில் இறங்க மனமில்லாமல், கப்பலும் ஏறிவிட்டாராம். அக்கரையில் இறங்கியதும் ஒரு ஆபீசர் மேசை போட்டு உட்கார்ந்திருக்கிறாராம். மாடசாமி முன்னால் போய் நிற்கிறான்.

“ஆபீசரு கேக்குறாரு, ‘ஏம்ப்பா, ஒனக்குச் சொந்த ஊரு எது?’ன்னு.”

அந்தக் கேள்விக்கு அவர்களில் ஒருவரிடமும் பதில் இல்லை என்று எனக்குத் தெரியும். பிறந்தது இங்கே, அனுப்புவது அங்கே. எல்லாரும் பயந்துகொண்டிருந்த கேள்வி அதுதான். என் பக்கத்தில் நின்ற பிள்ளைகளும் கையசைப்பதை விட்டுவிட்டு உற்றுக் கேட்டார்கள்.

“மாடசாமி நல்லா யோசிச்சுப் பாக்குறான். கந்தப்பர் பின்னாடி இருந்து கிள்ளுறாரு. அப்ப மாடசாமி சொல்றான்...”

கோச்சி ஊதியது. சக்கரம் அசைந்தது. அவர் வாய் அசைவதைப் பார்த்தேன். ஒரு சொல்லும் கேட்கவில்லை. நான் மேடையில் கூடவே ஓடினேன், பூரணி, சேலையைப் பிடித்துக்கொண்டு, என் பிள்ளைகளுக்கு முன்னாலேயே ஓடினேன். பெட்டி என்னைத் தாண்டிப் போனபோது உள்ளேயிருந்து சிரிப்பு வெடித்தது. அந்த அம்மா தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தார். மூட்டைமேல் இருந்த பிள்ளை கைதட்டியது. வளைவு திரும்பும்வரை அது கேட்டது. முன்னும் பின்னும் அழுதுகொண்டு போகிற பெட்டிகள், நடுவில் இது.

“டீச்சர், என்னா சொன்னாரு?” என்று பிள்ளைகள் கேட்டார்கள்.

தெரியாது என்றேன். நாங்கள் எல்லாரும் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் அங்கேயே நின்றோம்.

ஜோசப்பின்